மூளைக்கும் நோய் வரும்

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். வயிறு வலித்தால் போகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்கிறோம். இதை ஊராரிடம் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை.

ஆனால் ஒருவர் தனக்குத் தானே பேசுகிறார். இரவெல்லாம் தூங்காமல் நடக்கிறார். பெற்ற தாயைப் பார்த்தே, "நீ சோற்றில் விஷம் வைக்கிறாய்" என்கிறார். அப்போது நாம் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். பேய் என்கிறோம். செய்வினை என்கிறோம். திமிர் என்று அடிக்கவும் செய்கிறோம். சில இடங்களில் சங்கிலி போட்டுக் கட்டியும் வைக்கிறார்கள்.

வயிற்றுக்கு நோய் வரும். இதயத்துக்கு நோய் வரும். மூளைக்கு மட்டும் வராதா?

தலைக்குள் இருப்பது என்ன?

மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தொட்டால் மெத்தென்று இருக்கும். அதனால்தான் கெட்டியான மண்டை ஓடு அதைச் சுற்றிக் காக்கிறது. நம் உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு அல்லது மூன்று பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. நாம் தூங்கும்போதும் மூளை வேலை செய்கிறது.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. நம் நாட்டு மக்கள் தொகையைப் போல இது 60 மடங்கு. ஓர் அணு இன்னோர் அணுவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி மிக மெல்லிய மின்சாரமாகப் போகிறது. ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது, சில வேதிப் பொருள்கள் அதை ஏந்திச் செல்கின்றன. பார்ப்பது, நடப்பது, அழுவது, கோபப்படுவது, பிள்ளையின் முகத்தை அடையாளம் காண்பது, இவை எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன.

மூளையின் எல்லாப் பகுதிக்கும் ஒரே வேலை இல்லை. பின்பக்கம் பார்வைக்கு. காதுக்கு அருகில் உள்ள பக்கம் கேட்பதற்கு. வலது கையை அசைப்பது இடது பக்க மூளை. இடது கையை அசைப்பது வலது பக்க மூளை.

பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்ட சிலருக்குப் பேச்சும் போய்விடும். ஏன்? பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான இடம் இடது பக்க மூளையில் இருக்கிறது. அங்கே ரத்தம் போகும் குழாய் அடைபட்டால், கையும் போகும், பேச்சும் போகும். இதை 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக் காட்டினார். அவர் பார்த்த ஒரு நோயாளிக்கு மற்றவர் பேசுவது புரியும். ஆனால் அவர் வாயில் "டான்" என்ற ஓர் ஒலிதான் வரும். அவர் இறந்த பிறகு புரோக்கா அவருடைய மூளையைச் சோதித்தார். இடது பக்கத்தில், முன்பகுதியில் சேதம் இருந்தது.

கை மூளையால் அசைகிறது. பேச்சும் மூளையால் வருகிறது. இதை ஒப்புக்கொள்வது எளிது. குணமும் மூளையைச் சார்ந்ததா? இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அது உண்மைக் கதை.

மேஸ்திரியின் தலையில் பாய்ந்த கம்பி

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாநிலம். 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள். அங்கே ரயில் பாதை போடுவதற்காகப் பாறைகளை வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு மேஸ்திரி, 25 வயது பினியஸ் கேஜ்.

கல் உடைக்கும் இடத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். பாறையில் துளை போட்டு வெடிமருந்தைக் கொட்டுவார்கள். அதன் மேல் மணலைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். கேஜின் கம்பி மூன்றரை அடிக்கும் சற்று அதிக நீளம். ஆறு கிலோ எடை. அன்று அவர் கம்பியால் இடித்தபோது தீப்பொறி பறந்தது. மருந்து வெடித்தது. கம்பி மேலே பாய்ந்தது. இடது கன்னத்தில் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் போய், உச்சந்தலை வழியே வெளியேறியது. பல அடி தூரம் தள்ளிப் போய் விழுந்தது.

கேஜ் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தே ஊருக்குள் வந்தார். ஜான் ஹார்லோ என்ற மருத்துவர் அவருக்கு வைத்தியம் செய்தார். இடது கண்ணின் பார்வை போனது. மற்றபடி அவர் நடந்தார், பேசினார், எல்லோரையும் அடையாளம் கண்டார்.

ஆனால் குணம் மாறிவிட்டது. முன்பு அவர் பொறுப்பான ஆள். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பவர். ஆட்களை நன்றாக நடத்துபவர். இப்போது கெட்ட வார்த்தை பேசினார். எதற்கெடுத்தாலும் பொறுமை இழந்தார். ஒரு வேலையைத் திட்டமிடுவார். பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவார். இவர் பழைய ஆளே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். கம்பெனி அவரை மறுபடி மேஸ்திரியாக வைத்துக்கொள்ளவில்லை.

கம்பி எந்த இடத்தைக் கெடுத்தது? நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை. நமக்குக் கோபம் வருகிறது. கை ஓங்குகிறது. அப்போது உள்ளே ஏதோ ஒன்று "வேண்டாம், பொறு" என்று தடுக்கிறது அல்லவா? அந்தத் தடுப்பில் இந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நாளைக்கு என்ன செய்வது என்று திட்டமிடுவதும் இதன் வேலைதான்.

கேஜ் வேண்டுமென்று கெட்டவர் ஆகவில்லை. அவர் மீது பேயும் ஏறவில்லை. அவர் மூளையில் காயம் பட்டது. அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பல புத்தகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. அது சரியில்லை. கேஜ் பிறகு தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போனார். அங்கே சில ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணி வண்டியை ஓட்டினார். அது கவனமும் ஒழுங்கும் தேவைப்படும் வேலை. ஆகவே அவர் ஓரளவு தேறியிருக்க வேண்டும் என்று இன்றைய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். காயம்பட்ட மூளையும் பழகப் பழகக் கொஞ்சம் தேறும். 1860-ஆம் ஆண்டில் கேஜுக்கு வலிப்பு வந்தது. அதிலேயே இறந்தார்.

வலிப்பு என்பது என்ன?

கேஜுக்குக் கடைசியில் வந்த வலிப்பை நம் ஊர்களிலும் பார்க்கிறோம். காக்காய் வலிப்பு என்கிறோம். ஒருவர் திடீரென்று விழுகிறார். கை கால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சிலருக்குச் சிறுநீரும் போய்விடுகிறது. பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கிறது. சாமி வந்தது என்கிறார்கள், அல்லது பேய் அடித்தது என்கிறார்கள்.

மூளையின் அணுக்கள் முறை வைத்துச் செய்தி அனுப்பும் என்று பார்த்தோம். பல அணுக்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாக மின்சாரத்தைப் பாய்ச்சினால் என்ன ஆகும்? அதுதான் வலிப்பு. எல்லா வலிப்பும் கீழே தள்ளுவதில்லை. சில குழந்தைகள் சில விநாடி மட்டும் வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடும். ஆசிரியர் கூப்பிட்டாலும் கேட்காது. பாடத்தில் கவனம் இல்லை என்று அந்தக் குழந்தை அடி வாங்கும். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

தலையில் அடிபட்டால் வலிப்பு வரலாம். பிறக்கும்போது குழந்தைக்கு மூச்சு முட்டினால் பின்னாளில் வரலாம். மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு வரலாம். பலருக்குக் காரணமே தெரியாது. நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு புழு.

பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாடாப்புழு வயிற்றுக்குள் போய் வளரலாம். அந்தப் புழுவின் முட்டைகள் அந்த மனிதரின் மலத்தோடு வெளியே வருகின்றன. அவர் வெளியில் மலம் கழித்தால் முட்டைகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. அங்கிருந்து காய்கறிக்கு வருகின்றன. கை கழுவாமல் சமைத்தால் சாப்பாட்டுக்கும் வருகின்றன. அந்த முட்டையை விழுங்கியவரின் உடலுக்குள் புழுக்குஞ்சு ரத்தத்தோடு போய் மூளையில் தங்கிவிடலாம். அங்கே சிறு கட்டி போல ஆகிறது. வலிப்பு வருகிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இறைச்சியே தொடாதவருக்கும் இந்த நோய் வரும். அவர் விழுங்கியது இறைச்சியை அல்ல, அழுக்கோடு வந்த முட்டையை. கழிப்பறையும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் மூளையைக் கூடக் காக்கின்றன.

வலிப்பு வந்தவரைத் தொட்டால் நோய் ஒட்டாது. எச்சில் பட்டாலும் ஒட்டாது. அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். நுரை வெளியே வழியட்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். பக்கத்தில் அடுப்போ கல்லோ இருந்தால் அகற்றுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. வலிப்பு தானாகவே இரண்டு மூன்று நிமிடங்களில் நிற்கும். அந்த நேரத்தில் இரும்பைக் கொடுத்ததால், இரும்புதான் நிறுத்தியது என்று நினைக்கிறோம். வாய்க்குள் கரண்டியை நுழைக்க வேண்டாம். பல் உடையும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இழுக்கும் கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நினைவு திரும்பாமல் மறுபடி மறுபடி வந்தாலும் அப்படித்தான்.

வலிப்புக்கு மாத்திரை உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வலிப்பு வராமல் நிறுத்த முடியும். ஒழுங்காக என்பதுதான் இங்கே முக்கியம். ஆறு மாதம் வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரும். கடைசி வலிப்புக்குப் பிறகு பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பமாகும் எண்ணம் உள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் வலிப்பு இருப்பதைக் காட்டி, இந்தத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் போக முடிந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் இருந்தது. 1999-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அந்த வாசகத்தை நீக்கியது. சட்டம் மாறிவிட்டது. ஆனாலும் பெண் பார்க்க வரும் இடத்தில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒளித்து வைக்கும் நாளில் மாத்திரையும் தவறிப்போகிறது.

காயம் இல்லை, புழு இல்லை. ஆனாலும் நோய்

மனநோயில் மூளையைப் பார்த்தால் காயம் தெரியாது. அணுக்களுக்கு இடையே செய்தி ஏந்தும் வேதிப் பொருள்களின் அளவும் வேலையும் மாறிப்போவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். முழு விளக்கமும் இன்னும் கிடைக்கவில்லை.

சிலருக்கு யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்கும். அது அவருக்கு உண்மையான குரல் போலவே கேட்கிறது. அதற்குத்தான் அவர் பதில் சொல்கிறார். நாம் அதைத் தனக்குத் தானே பேசுவது என்கிறோம்.

சிலருக்கு எதிலும் மனம் செல்லாது. பசி இல்லை, தூக்கம் இல்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கும். வீட்டில் மருமகள் இப்படிப் படுத்துக் கிடந்தால், "வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது சோம்பல் அல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை மிரட்டல் என்று தள்ள வேண்டாம். அவரைத் தனியே விட வேண்டாம். வீட்டில் உள்ள பூச்சி மருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிரசவமான சில நாட்களில் சில தாய்மார்கள் தூங்காமல், சம்பந்தம் இல்லாமல் பேசுவார்கள். குழந்தையைத் தள்ளிவிடுவார்கள். இதைத்தான் பல ஊர்களில் பேய் என்கிறார்கள். இது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும்.

நெடுநாள் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும். சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும். அதுவும் மூளையின் தொல்லைதான். அவரையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் மூளைதான் என்றால், வாழ்க்கைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. கடன், பசி, அடி உதை, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம், இவையும் மூளையைப் பாதிக்கின்றன. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது. அடி நிற்க வேண்டும்.

ஒரு வேர்

மனநோய்க்கு மருந்து வெளிநாட்டில் மட்டும் பிறக்கவில்லை. சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக, கலங்கிய மனத்தை அமைதிப்படுத்தக் கொடுத்து வந்தார்கள். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் இதைப் பற்றி 1931-ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார்கள். மனநோயையும் ரத்தக் கொதிப்பையும் இந்த வேர் தணிக்கிறது என்றார்கள். 1952-ஆம் ஆண்டில் இந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுவதும் சில காலம் அதைக் கொடுத்தார்கள். பிறகு அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. இன்று மனநோய்க்கு இந்த வேரை யாரும் தாமாக அரைத்துக் குடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாகக் குறையும்.

பெல்லாரியில் என்ன நடந்தது?

மருந்து வந்துவிட்டது. ஆனால் அது எங்கே கிடைத்தது? பெரிய நகரத்து மனநோய் மருத்துவமனையில். கிராமத்து ஏழை எப்படி அங்கே போவார்? ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். நோயாளியோ பஸ்ஸில் உட்கார மாட்டார்.

அரியானாவில் ராய்ப்பூர் ராணி என்ற இடத்திலும், பெங்களூருக்குப் பக்கத்தில் சக்கலவாரா என்ற இடத்திலும் 1970-களில் ஒரு சோதனை நடந்தது. மனநோய்க்கான வைத்தியத்தைக் கிராமத்துக்கே கொண்டுபோக முடியுமா என்று பார்த்தார்கள். 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985-ஆம் ஆண்டில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் வேலையைத் தொடங்கினார்கள். அது பெங்களூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மாவட்டம்.

அங்கே புதிய மருத்துவமனை எதையும் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. இருக்கிற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தடுப்பூசி போட வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் யாருக்காவது வலிப்பு வருகிறதா? யாராவது தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசுகிறார்களா? வேலை செய்துகொண்டிருந்தவர் காரணம் இல்லாமல் முடங்கிவிட்டாரா? இப்படிக் கேட்டார்கள். சில மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தார்கள். மாத்திரை வாங்க வராதவரின் வீட்டுக்குப் பணியாளர் போய் விசாரித்தார். வலிப்பையும் கடுமையான மனநோயையும் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே கவனிக்கலாம் என்பதை பெல்லாரி காட்டியது. 1996-ஆம் ஆண்டு முதல் அந்த முறையை மாவட்ட மனநலத் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் இதில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் மருத்துவரும் மருந்தும் குறைவில்லாமல் இருப்பதாகச் சொல்ல முடியாது. இல்லாத இடத்தில் கேட்க வேண்டும்.

சங்கிலி

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், விடியற்காலை. தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. அது கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார். அன்பு இல்லாமல் விட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி தெரியாமல் விட்டார்கள். தர்காவுக்கோ கோவிலுக்கோ போக வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரார்த்தனை மனத்துக்குத் தெம்பு தரும். மாத்திரையும் கூடவே போகட்டும்.

2017-ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அது இலவசம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது டெலி மானஸ் என்ற அரசு சேவை. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நோய் முற்றிய நேரத்தில் ஒருவரால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாமல் போகலாம். அப்போது தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை, மனம் தெளிவாக இருக்கும்போதே அவர் எழுதி வைக்கலாம். அண்ணனோ, மனைவியோ, தோழியோ, அவர் நம்பும் யாராகவும் இருக்கலாம். ஆனால் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அவரும் சம்மதிக்க வேண்டும். முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கையெழுத்துத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம்.